ரிங்லெட்டில் ஒரு பழைய லேண்ட் ரோவர்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மலையேறினால் ரிங்லெட். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது தேயிலையல்ல. முட்டைக்கோஸ் கூடைகளோடு சேறு அப்பி நிற்கும் லேண்ட் ரோவர்கள்தாம். கேமரன் மலைக்கே இவை ஓர் அடையாளம்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் தாத்தா ஓட்டிய வண்டி பாதி கழற்றியபடி கிடக்கிறதா? விற்பதா, முடிப்பதா என்று தினமும் பேச்சா?

இந்த வண்டி 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப்பின் பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு. அதனால் மேல்தகட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். மலை மழையிலும் அது துருப்பிடிக்காது. அந்தப் பளபளப்பை நம்பித்தான் பலர் மோசம் போகிறார்கள். அடிச்சட்டம் எஃகு அல்லவா!

சக்கரங்களுக்கு அண்டை கொடுத்துவிட்டு, சுத்தியலால் அடியில் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. சொத்தென்றால் உள்ளே பொடியாகிவிட்டது. பின் குறுக்குச் சட்டம், பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், டிரைவர் கால் வைக்கும் மூலை, இவற்றை விடாதீர்கள். என்ஜினுக்குப் பயப்பட வேண்டாம். எளிய அமைப்பு, பட்டறையில் சரியாகும்.

சட்டம் நன்றாயிருந்தால் மெல்ல மெல்ல முடியுங்கள். போயிருந்தால், துத்தநாகம் பூசிய புதுச் சட்டம் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கிறது. கப்பல் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பிள்ளையின் படிப்புப் பணத்தைத் தொட வேண்டி வருமானால் என் வோட்டு விற்பதற்கே. காய்கறித் தோட்டக்காரர் வாங்கினால் ஓடுகிற வண்டிக்காவது உறுப்பாகும்.

எதற்கும் முதலில் கிராண்டை எடுத்துப் பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால், பெயர் மாற்றாமல் விற்கவும் முடியாது.