நின்றது நான், கட்டியதும் நான்!

பெண்பிள்ளை ஓட்டும் காருக்கு அடிபட்டது என்றால், உலகம் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "யாருக்காவது காயமா?" என்பதல்ல. "எங்கே கொண்டுபோய் இடித்தாய்?" என்பதுதான்.

நான் எங்கும் கொண்டுபோய் இடிக்கவில்லை. மயிலாப்பூர் லஸ் முனையில், சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு, பிரேக்கில் கால் வைத்தபடி பரம சாதுவாக நின்றுகொண்டிருந்தேன். பின் ஸீட்டில் என் மாமியார். அவர் மடியில் கறிகாய்ப் பை. "கத்தரிக்காய் என்ன விலை விற்கிறது பார்த்தாயா?" என்று அவர் ஆரம்பித்தார். வாக்கியம் முடியவில்லை. 'டமால்!' என்று ஒரு சத்தம். கத்தரிக்காய்கள் முன் ஸீட்டுக்கு வந்து சேர்ந்தன.

நல்ல வேளை, இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். எங்கள் காரின் பின் பம்பர் பிளந்திருந்தது. ஒரு பக்கத்து விளக்கு நொறுங்கியிருந்தது. டிக்கியின் கதவு, அப்பளம் பொரித்தாற்போல் நெளிந்திருந்தது. இடித்த பெரிய காரிலிருந்து ஒரு கனவான் இறங்கினார். கையில் டெலிபோன் இன்னும் வெளிச்சமாக இருந்தது. மிகவும் மரியாதையான மனிதர்.

"ஸாரி மேடம், கவனிக்கவில்லை. உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, க்ளெய்ம் பண்ணிக்கொள்ளுங்கள்" என்றார். கேட்டதும் தம் நம்பரையும் கொடுத்தார். பச்சை விளக்கு விழுந்தது, பின்னால் ஹாரன்கள் அலறின, அவர் போய்விட்டார். நானும், 'ஆமாம், அதற்குத்தானே வருஷா வருஷம் பணம் கட்டுகிறோம்' என்று தைரியமாக வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் என் கணவர் காரைச் சுற்றி வந்தார். "நீ திடீரென்று பிரேக் போட்டாயோ?" என்றார்.

"நின்ற காரில் எப்படிப் பிரேக் போடுவது?" என்று கேட்டேன். பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் வீட்டுக்குள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டிருந்தது.

ஒர்க் ஷாப்பில் காரை விட்டோம். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துப் பில் வந்தது. மொத்தம் 24,000 ரூபாய். கம்பெனி கொடுப்பது 16,000. நாங்கள் கட்ட வேண்டியது 8,000!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒர்க் ஷாப் மானேஜர் பொறுமையாகக் கணக்குச் சொன்னார். பம்பரும் விளக்கும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். மீதிப் பாதி தேய்மானம். டிக்கியின் கதவு இரும்பு. எங்கள் கார் மூன்று வயதைத் தாண்டி நாலாவது வயதில் இருப்பதால் அதற்கு நூற்றுக்கு 25 தேய்மானம். பெயிண்டிலும் கொஞ்சம் போயிற்று. ஆக 7,000.

"இன்னும் ஓர் ஆயிரம்?"

"அது எக்ஸஸ், மேடம். 1500 ஸி.ஸி. வரை உள்ள கார் என்றால் 1000 ரூபாய். அதற்கு மேல் என்றால் 2000. எந்த க்ளெய்மிலும் அதைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்."

"நான் இடிக்கவில்லையே! என்னை அல்லவா இடித்தார்கள்?"

மானேஜர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். தினம் நாலு பேர் கேட்கும் கேள்வி போலிருக்கிறது.

மாமியாரிடம் வந்து சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார். "ஏம்மா, ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறினவன்தானே எக்ஸஸ் கட்டுவான்? நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டுதானே ஏறினோம்?" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக என் வழக்கை எந்த வக்கீலாலும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் ஒரு வக்கீலிடம் போனேன்; என்னோடு கல்லூரியில் படித்தவள்தான். பாலிஸியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். அதை வாங்கி மூன்று வருஷம் ஆகியும், அன்றுதான் முதல் முறையாகப் படித்தேன்.

"இது இரண்டு பாலிஸி, ஒரே உறையில்" என்றாள் சிநேகிதி. "ஒன்று, உன் காரால் மற்றவர்களுக்கு நேரும் நஷ்டத்துக்கு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம் என்று சொல்வது அதை மட்டும்தான். சட்டத்துக்கு உன் காரைப் பற்றிக் கவலை இல்லை. உன் காரிடமிருந்து ஊரைக் காப்பாற்றுவதுதான் அதன் கவலை. இன்னொன்று, உன் காருக்கு நேரும் சேதத்துக்கு. அது உனக்கும் கம்பெனிக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம். அதில் தப்பு யாருடையது என்ற பேச்சே கிடையாது. மரம் விழுந்தாலும் எக்ஸஸ் உண்டு, மாடு முட்டினாலும் உண்டு, மகானுபாவன் ஒருவன் டெலிபோனைப் பார்த்துக்கொண்டே வந்து மோதினாலும் உண்டு."

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. எக்ஸஸ் என்பது அபராதம் அல்ல. சின்னச் சின்னக் கீறலுக்கெல்லாம் கம்பெனியைத் தேடி வராமல் இருக்கவும், நம் நஷ்டத்தில் நமக்கும் ஒரு பங்கு இருந்தால் ஜாக்கிரதையாக இருப்போம் என்பதற்காகவும் வைத்த ஏற்பாடு. நியாயம்தான். ஆனால் அடுத்தவனுடைய அஜாக்கிரதைக்கு நான் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது?

"விடுபட்ட 8,000-ஐ இடித்தவரிடம் கேட்க வழி இல்லையா?"

"இருக்கிறது. அவருடைய பாலிஸியிலும் மற்றவர் சொத்துச் சேதத்துக்கு இடம் உண்டு. போலீஸில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கை வாங்கி, விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். கம்பெனி கொடுத்த 16,000-ஐ மறுபடி கேட்கக் கூடாது. பாக்கியை மட்டும் கேட்கலாம். ஆனால் நீ எத்தனை நாள் லீவு போடுவாய்? வக்கீலுக்கு என்ன கொடுப்பாய்? எனக்கு ஒரு காப்பி போதும், எல்லோருக்கும் போதுமா?"

முதலில் அந்தக் கனவானுக்கே டெலிபோன் செய்து பார்த்தேன். "க்ளெய்ம் கிடைத்துவிட்டது அல்லவா? பிறகென்ன மேடம்?" என்றார். அவர் குரலில் ஏமாற்று இல்லை. உண்மையான ஆச்சரியம்தான் இருந்தது. கம்பெனி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை என்றே அவர் நம்புகிறார். அவர் மனசாட்சிக்கும் சேர்த்து நாங்கள் பிரீமியம் கட்டியிருக்கிறோம்!

நஷ்டம் அத்தோடு முடியவில்லை. க்ளெய்ம் செய்யாமல் இருந்தால் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகும் தள்ளுபடி ஒன்று உண்டு. நூற்றுக்கு 20-ல் தொடங்கி 25, 35, 45, 50 வரை ஏறும். எங்களுக்கு அடுத்த தடவை 45 கிடைத்திருக்கும். இப்போது பூஜ்யம். அதிலும் 2,700 ரூபாய் போயிற்று.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் கார் இருந்தால் பாலிஸியை இன்றே எடுத்துப் படித்து வையுங்கள். தேய்மானம் பிடிக்காத பாலிஸி, கொஞ்சம் கூடுதல் பிரீமியத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் எக்ஸஸ் அதிலும் உண்டு. சின்னச் சேதமானால், க்ளெய்ம் செய்வதா, தள்ளுபடியைக் காப்பாற்றிக்கொள்வதா என்று முதலில் கூட்டிக் கழித்துப் பாருங்கள். யாராவது இடித்தால் பச்சை விளக்கைப் பார்த்து அவசரப்படாமல், இரண்டு காரையும் நம்பர் தெரியும்படி படம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

பணத்தைக் கட்டினேன். பெண்ணுக்கு விஜயதசமியன்று வீணை வாங்கித் தருவதாகச் சொல்லிச் சேர்த்து வந்த பணம் அது. "அடுத்த விஜயதசமிக்கு வாங்கிக்கலாம்மா" என்று அவளே சொல்லிவிட்டாள். அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது. பணம் கட்டியதைப் பார்த்ததும், தப்பு என்னுடையதுதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது போலவும் ஒரு குறுகுறுப்பு.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் பேச்சுக் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மாள், "உங்க மருமகள் காரை இடிச்சுட்டாளாமே? எட்டாயிரம் தண்டமாமே?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இடிக்கலை, இடிபட்டா" என்றார் என் மாமியார். "நான் கூடவே இருந்தேன். அவ நின்னுண்டிருந்தா. தண்டமும் இல்லை, அது எக்ஸஸ். கார் வச்சிருக்கிற யார் வேணா கட்டணும்." கொஞ்சம் நிறுத்தி, குரலை உயர்த்தி, உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த தம் பிள்ளைக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "ஓட்டினது அவ தப்பில்லை."

பேப்பர் ஒரு விநாடி அசையாமல் நின்றது. பிறகு பக்கம் புரண்டது. அந்தக் கேள்வி எங்கள் வீட்டைவிட்டுப் போயிற்று.

இப்போதெல்லாம் கறிகாய் வாங்கப் போனால் மாமியார் முன் ஸீட்டில்தான் உட்காருகிறார். சிவப்பு விளக்கில் நின்றதும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார்.

"நீ முன்னாலே பார்த்து ஓட்டும்மா. பின்னாலே எவன் வரான்னு நான் பார்த்துக்கறேன்."