மாமா பெயரில் ஒரு வாரி

வல்லத்திராக்கோட்டை,
ஆனி மாதம்.

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தை நலம். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மாமாவின் தலைத் திதிக்குள் பஸ் நிறுத்தத்தில் அவர் பெயரில் நிழற்குடை கட்டலாம் என்று நீங்கள் எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "உன் மாமா நிழல்ல நின்னு யாரு பாத்தா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கும் அதே எண்ணம்தான்.

நீங்கள் விடுதியில் படித்ததால் மாமா வேலை பார்த்த விதத்தை அதிகம் பார்த்திருக்கமாட்டீர்கள். லீவில் ஜீப்பில் ஒட்டிக்கொண்டு போனவன் நான். அப்போது அவருக்குப் பொதுப்பணித்துறையில், கல்லணைக் கால்வாயில் வேலை. மேட்டூர் அணையோடு 1934இல் வந்த கால்வாய் அது. மும்பாலை ஏரி வரை தண்ணீர் வந்து சேரவேண்டும். மேலே தாராளமாக எடுத்துக்கொண்டால் நம் மாவட்டத்துக் கடைமடைக்கு வருவது ஏச்சும் பேச்சும்தான். விவசாயிகள் ஜீப்பை மறிப்பார்கள். மாமா பதிலுக்குக் கத்தமாட்டார். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மடை மடையாக நடப்பார். தானே அளக்காத எதையும் அளவுப் புத்தகமான எம்-புக்கில் எழுதமாட்டார். அதனால் காண்டிராக்டர்களுக்கு அவரைப் பிடிக்காது. பதவி உயர்வு தள்ளிப்போனதற்கும் அதுதான் காரணம் என்று அம்மா இன்றும் சொல்கிறார்.

வீட்டிலும் அதே ஆள்தான். அத்தையின் கிரைண்டரை ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் நிறுத்தினார். இந்த மாடி வீட்டுக்குத் தளம் போட்டபோது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினாரே, நினைவிருக்கிறதா? ஒரு வாரம் ஆனதும், "போதும் சார், காஞ்சிருச்சு" என்றார் கொத்தனார். "கான்கிரீட் காஞ்சு இறுகுறது இல்லப்பா, தண்ணி குடிச்சு இறுகுறது" என்று சொல்லி, நம்மைக் குடம் குடமாகத் தண்ணீர் மேலே ஏற்றவைத்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லாம் அந்தத் தளத்துக்குக் கீழேதான் வந்து படுத்தார்கள். தென்னையும் பலாவும் சாய்ந்து, கரண்டும் இல்லாமல் கிடந்த நாட்களில் அத்தை உலை இறக்கவே இல்லை. மாமா பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் அழும்போது பிள்ளைகள் சும்மா இருக்கக் கூடாதாம்.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரே பேச்சு, நம்மூர்க் கண்மாய். வற்றாத ஆறு இல்லாத மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேலே கண்மாய் வெட்டி வைத்தவர்கள் ஏமாளிகள் இல்லை, ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும்படிதான் வெட்டினார்கள் என்பார். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் என்றால் அப்போது பொதுப்பணித்துறை. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். நம்முடையது இரண்டாவது வகை. அதனால் அவர் சர்வீசில் இருந்தவரை கைவைக்க முடியவில்லை. 2021இல் குன்னத்தூரில் காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள் அல்லவா, அன்று ஊரே சந்தோஷப்பட்டது. "வரட்டும். வரத்து வாரி தூர்ந்து கிடந்தா காவிரி வந்தும் என்ன பண்ணும்?" என்றார் மாமா. தைலமரக் காட்டுக்குள் மழைத் தண்ணீரை மறித்துப் போட்ட வரப்புகளும், அதற்குக் கீழே மண்டிக்கிடக்கிற சீமைக்கருவேலும்தான் அவர் கண்ணை உறுத்தின. உங்கள் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சியதன் பின்பக்கத்தில் அந்த வாரியை வரைந்து, எங்கே எவ்வளவு வெட்டவேண்டும் என்று பென்சிலில் குறித்திருக்கிறார். பீரோவில் இருந்தது, நேற்று எடுத்தேன்.

மச்சான், நிழற்குடைப் பணத்தை இதற்குக் கொடுங்கள். ஊராட்சி ஒன்றியத்தில் பேசி அனுமதி வாங்குவது என் பொறுப்பு. ஆவணிக்குள் வெட்டி முடித்தால்தான் ஐப்பசி மழைக்கு ஆகும். கல்வெட்டு வைக்கவேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டால் வைக்கலாம். மாமா இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். சரியென்றால் ஆடி பிறப்பதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஜேசிபிக்காரரிடம் முன்பணம் கொடுக்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை