ஆகத் தொகையும் உடைந்த கல்லும்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள மாளிகைமேட்டில், 1980 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் பல பருவங்களில் அகழ்ந்த குழிகளிலிருந்து செங்கற் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பாணிகளும், சீனப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. ஆனால் அந்தச் சுவர்களுக்குப் பெயர் கொடுப்பது சாசனமே. இவ்வூர் அரண்மனையைச் சோழகேரளன் திருமாளிகை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடும் வீரராஜேந்திரன் காலத்துச் சாசனம் படிக்கப்படாமல் இருந்திருந்தால், மாளிகைமேடு வெறும் செங்கல் மேடாகவே நின்றிருக்கும். ஆகவே சாசனப் பதிப்பு என்பது அகழ்வாராய்ச்சிக்குப் பின்னிணைப்பு அன்று, அதன் மறுபாதி என்பது என் அபிப்பிராயம்.

மைப்படி எடுக்கும் வேலையை இங்கே சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். சுவரைத் தண்ணீர்விட்டுக் கழுவிப் பாசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்கி, நனைத்த காகிதத்தைக் குமிழியின்றி ஒட்டி, தூரிகையால் தட்டித்தட்டி அக்ஷரங்களின் குழிகளுக்குள் அதை இறக்கி, ஈரம் விரலில் ஒட்டாத பதம் வந்ததும், பிசினில் குழைத்த கரிமையைத் துணிப்பந்தில் தொட்டு மேலோட்டமாக ஒற்றுவோம். கல்லின் முகம் கறுக்கும், எழுத்து வெண்மையாக நிற்கும். பதத்துக்கு முன்னே ஒற்றினால் மை குழிக்குள் ஓடிவிடும். பதம் கடந்துவிட்டாலோ காகிதம் சுவரைவிட்டு எழும்பிவிடும். புகைப்படமே போதுமென்று வாதிப்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. காகிதத்தின் பின்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால், உளி இறங்கிய கோடு சீராகப் புடைத்திருப்பதும், கல் தானாகச் சிதைந்த இடம் சொரசொரப்பாக இருப்பதும் தெரியும். அந்த பேதத்தைப் படம் சொல்லாது.

சோழர் காலத்து எழுத்தில் புள்ளி அபூர்வம். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒரே உருவம். இவையெல்லாம் பழக்கத்தில் வசப்பட்டுவிடும். வசப்படாதவை எண்களே. நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை என்றும், நெல்லைக் கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி என்றும் குறிக்கும் சாசனத்தில், பின்னக் குறியின் வளைவொன்று தேய்ந்துபோனால், ஒரு கிராமத்தின் வரியே மாறிவிடும். அங்கே நம்மைக் காப்பாற்றுவது பழைய கணக்கனுடைய ஒழுங்கு. தனித்தனியே எழுதிய அளவுகளுக்குப் பின்னர் ‘ஆக’ என்று ஒரு கூடுதலை அவன் வைத்திருப்பானாயின், குறுணிக்கு எட்டு நாழி, கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி என்று வைத்துக் கூட்டிக் கழித்து, அழிந்த இலக்கம் இன்னதாகத்தான் இருக்க முடியும் என்று நிர்ணயித்துவிடலாம். கூடுதலைச் செதுக்கியவனே தவறியிருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. அப்போது திருத்தம் அடிக்குறிப்புக்குப் போகவேண்டுமேயன்றி மூலத்துக்குள் நுழையலாகாது.

மெஸொபொதாமியாவின் களிமண் பலகைகளைப் பதிப்பிப்போரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். லெனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை அகழ்ந்த ‘ஊர்’ நகரத்துப் பொருள்கள் லண்டன், பிலடெல்பியா, பாக்தாத் ஆகிய மூன்று இடங்களுக்குப் பிரிந்து போயின; பலகைகளின் வாசகங்களோ 1928-ல் காட், லெக்ரான் இருவரும் வெளியிட்ட முதல் தொகுதியிலிருந்து ஒரே வரிசையில் அச்சேறின. அவர்கள் ஆப்பெழுத்தைக் கோடு கோடாகக் கையால் வரைகிறார்கள். நாம் மையால் ஒற்றுகிறோம். அந்நாட்டின் மூன்றாம் ஊர் வம்சத்துத் தானியக் கணக்கில் ஒரு கூர் என்பது முந்நூறு ஸிலா. அடியில் மொத்தம் இருக்கும். சிதைந்த வரியை அந்த மொத்தத்தைக் கொண்டே மீட்கிறார்கள். ஒரே பலகையின் இரு துண்டுகள் இரண்டு தேசத்து அருங்காட்சியகங்களில் கிடந்து, படித்தவர் ஒருவரால் பொருந்திப் போவதும் அத்துறையில் நிகழ்வதுண்டு.

நமது கதை இதற்கு நேர்மாறானது. 1966-ல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்குப் பெயர்ந்த கல்வெட்டு அலுவலகத்தோடு மைப்படிகளும் பிரயாணம் செய்தன; கல் மட்டும் ஊரிலேயே இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழும்பியபோது, இக்கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. கிருஷ்ண சாஸ்திரியார் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ நான்காம் தொகுதியில் இவ்வூர்ச் சாசனங்களை வாசிப்பவர், வாக்கியம் நடுவில் அறுந்து புள்ளிகளாக நிற்கும் இடங்களைச் சந்திப்பார். அப்புள்ளிகளை நிரப்பும் சாமர்த்தியம் எவருக்கும் வரக்கூடியதே. மெய்க்கீர்த்தியில் அது நியாயமும்கூட, ஏனெனில் அதே வாசகம் வேறு கோயிற் சுவரிலும் இருக்கும். ஊர்ப் பெயரிலும் நெல்லளவிலும் அது பொய்க் கணக்கு. சதுர அடைப்புக்குறிக்குள் ஐயத்தை நிறுத்திவிட்டு மேலே போவதே யோக்கியமான பதிப்பு.

அறுந்த வரியின் மறுபாதி எங்கோ ஒரு வீட்டுப் படியிலோ, கிணற்றுச் சுற்றிலோ, துணி துவைக்கும் கல்லாகவோ கிடக்கக்கூடும். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், மீன்சுருட்டிப் பக்கத்து அன்பர்கள் எழுத்துள்ள கல்லை எங்கே கண்டாலும், அதைச் சுரண்டாமலும், சுண்ணாம்பு பூசாமலும், இருந்த இடத்தைவிட்டு நகர்த்தாமலும், மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு ஒரு வரி எழுதிப் போட வேண்டுகிறேன்.