உண்ணிச்செடியும் தும்பையும்

பெங்களூருவின் புறநகரில் நாம் குடிபுகுந்த 1984ஆம் ஆண்டில் சுற்றுச்சுவர் எழுப்பக் கையில் பொருளில்லை. நம் துணைவியார் எங்கிருந்தோ உண்ணிச்செடிக் குச்சிகளைக் கொணர்ந்து நட்டார். மாடு வாய்வைக்காது, நீர் கேளாது, மஞ்சளும் செம்மையுமாய்ப் பூத்துக்கொண்டேயிருக்கும். ஏழை வீட்டு வேலிக்கு வேறென்ன வேண்டும்? அவர் மறைந்தபின் கவனிப்பாரற்ற அவ்வேலி தோட்டத்தில் பாதியை விழுங்கிவிட்டது.

அமெரிக்க வெப்பநாடுகளுக்குரிய இச்செடியை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொணர்ந்தனர். இன்று பந்திப்பூர், முதுமலைக் காடுகளில் புல் முளைக்கவும் இடந்தராமல் அடர்ந்து நிற்கிறது. கொண்டைக்குருவி பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் இட்டுவிடுகிறது.

வெட்டினோம், மழை பெய்ததும் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்த்தது. தோட்ட வேலைக்கு வந்த கன்னடப் பெரியவர்தாம் வழி காட்டினார். காய் பழுக்குமுன், தண்டும் வேரும் கூடுமிடத்திற்குக் கீழே வெட்டி, அடிக்கட்டையோடு பெயர்த்து, தலைகீழாய்க் கவிழ்த்து உலரவிட வேண்டுமாம். வாயிலருகே நின்ற முதற் செடியில் நம் கை தயங்கியதைக் கண்டிருப்பார் போலும், "இதை விட்டுவிடட்டுமா, ஐயா?" என்றார். ஒன்றை விட்டால் பழையபடி ஆகும் என்று நாமே மறுத்தோம். அன்றிரவு உணவு செல்லவில்லை.

வெற்றிடத்தில் முதலில் முளைத்தது மூக்குத்திப் பூ. சிறுவயதில் வெட்டுக்காயத்திற்கு அதன் சாற்றைப் பிழிந்தவராதலின், நம் மண்ணின் மலரென்று மகிழ்ந்தோம். நூலைப் புரட்டினால் அதுவும் அமெரிக்க வரவு! அந்திமந்தாரையும் அவ்வாறே. நினைவை நம்பிப் பயனில்லையென்று, கேம்பிள் தொடங்கி ஃபிஷர் நிறைவுசெய்த சென்னை மாகாணத் தாவர நூலை (1915-1936) ஒருபுறமும், கபிலர் 99 மலர்களை அடுக்கிய குறிஞ்சிப்பாட்டை மறுபுறமும் வைத்துக்கொண்டு அமர்ந்தோம். பழம்பெயர்கள் சிலவற்றிற்குரிய செடி எதுவென்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அவ்வழக்குகளில் பல இரவுகள் இனிதே கழிந்தன.

அடுத்த மழையில் வேலியிருந்த இடத்திலேயே வெண்ணிறமாய்த் தும்பை தலைகாட்டியது. பண்டை மன்னர் போரிற் சூடிய பூ. இரு நூல்களிலும் இடம்பெற்றது. குழந்தைகளுக்குச் சளி பிடித்த நாள்களில் இப்பூவைத் தேடித் துணைவியார் ஏரிக்கரைவரை நடந்ததுண்டு.

பெரியவரிடம் பெயர் கேட்டோம். "தும்பெ" என்றார். களையெடுக்கையில் அதைத் தொடவேண்டாமென்று சொன்னோம். அவர் சிரித்து, சிவனுக்கு மட்டும் ஒரு கை பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.