மகிழ்ச்சியும் உரிமைதான்

"போராடுறவங்களுக்கு நாடகம், பிரியாணி எல்லாம் எதுக்கு?" என்று ஒரு தோழர் கேட்டார்.

ஊர் டீக்கடையில் தனிக்குவளையில் குடித்தவர் என் தாத்தா. சென்னையில் நான் யார் பக்கத்திலும் உட்கார்ந்து பீஃப் பிரியாணி சாப்பிடுகிறேன். எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. 2017இல் காமராசர் அரங்கில், கையால் மலம் அள்ளும் இழிவைப் பேசிய 'மஞ்சள்' நாடகம் பார்த்துவிட்டு, நள்ளிரவு வரை டீ குடித்தபடி விவாதித்தோம். கிராமத்தைப் புனிதமாக்குவதை 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஏன் மறுத்தார் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது.

நகரமும் முழுதாகத் திறந்துவிடவில்லை. வாடகை வீடு தேடினால், "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்று சாதியைத்தான் விசாரிக்கிறார்கள். அதனால்தான் பிடித்ததைச் சாப்பிடுவதும் கூட்டத்தோடு கூட்டமாகச் சிரிப்பதும் அரசியலாகிறது. தம்பி தங்கைகளே, குற்றவுணர்ச்சி வேண்டாம். அடுத்த நாடகத்துக்குச் சேர்ந்தே போங்கள்.