அணையுற ஹீட்டர் சொல்ற சேதி

கொற்கைக்காரனுக்கு ஹீட்டரோட என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். மார்கழியிலயே பாதி ராத்திரியில போர்வையை உதைச்சுத் தள்ளுற ஊரு எங்க ஊரு. ஒரு காலத்துல பாண்டியர்களோட துறைமுகம், முத்துக்குப் பேர்போன இடம். இன்னைக்கு தாமிரபரணி கொண்டுவந்து கொட்டுன மண்ணால கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது குளமும் வாழையும் வயலும்தான்.

ஆனா எங்க ஊர் ஆளு ஒருத்தர், என் மாமா மகன், கனடாவில ஒன்டாரியோ மாகாணத்துல வேலை பார்க்கிறார். டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரின்னு ஒண்ணு இருக்கு. குளிர்காலத்துல மேல்பரப்பு உறைஞ்சதும் ஜனங்க அது மேல நடந்து போய், பனிக்கட்டியில துளை போட்டு, அது வழியா தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பாங்க. குளிர் தாங்க துளையைச் சுத்தி ஒரு கூடாரம், உள்ள சின்ன புரொப்பேன் ஹீட்டர். அத்தானும் நண்பர்களோட இதுக்குப் போக ஆரம்பிச்சுட்டார்.

போன ஜனவரியில ஒரு சனிக்கிழமை ராத்திரி எனக்கு வீடியோ கால். அங்க காலை நேரம்.

“ஏல, நீ மெக்கானிக்கல்தானல? இந்த ஹீட்டர் அரை மணி நேரத்துக்கு ஒருக்க அணைஞ்சு அணைஞ்சு போகுது. என்னன்னு பாரு.”

பக்கத்துல இருந்த நண்பர் ஏற்கனவே வைத்தியம் சொல்லிட்டாராம். “அந்த சென்சார் கம்பியைச் சுடருக்குள்ள நல்லா வளைச்சு விட்டுட்டா அணையவே அணையாது.” நான் சொன்னேன்: “அத்தான், அதை மட்டும் தொடாதீங்க. முதல்ல ஒவ்வொண்ணா கழிச்சுப் பார்ப்போம்.”

நீங்களும் கூடவே வாங்க. கோளாறு கண்டுபிடிக்கிறதுல பாதி வேலை, எது கோளாறு இல்லைன்னு கண்டுபிடிக்கிறதுதான்.

முதல்ல கேஸ். நம்ம வீட்டு சிலிண்டர்ல இருக்கிறது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. பியூட்டேன் கொதிநிலை கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரி. அதுக்குக் கீழ போனா அது திரவமாவே உட்கார்ந்திருக்கும். புரொப்பேன் கொதிநிலை மைனஸ் 42. அதனாலதான் அங்க புரொப்பேன். ஆனா குளிர்ல அதுக்கும் அழுத்தம் குறையும். அதோட, திரவம் ஆவியாகும்போது சிலிண்டரோட சூட்டையே உறிஞ்சிக்கும். கல்யாண வீட்டுச் சமையல்ல பெரிய அடுப்பு மணிக்கணக்கா எரியும்போது சிலிண்டர் அடிப்பக்கம் வேர்த்துச் சில்லுனு ஆகி, சமையல்காரர் அதைத் தண்ணி அண்டாவுக்குள்ள இறக்குவாரே, அதே சங்கதிதான். அத்தானோட சிலிண்டர் புதுசு, அணையுற நிமிஷம் வரைக்கும் சுடர் குறையவே இல்ல. கேஸ் காரணம் இல்ல.

ரெண்டாவது, சாய்வு. சாய்ஞ்சா தானா அணைக்கிற சுவிட்ச் ஒண்ணு உள்ள உண்டு. பலகை மேல சமமாத்தான் வச்சிருந்தார்.

மூணாவது, தெர்மோகப்பிள். அந்த நண்பர் சொன்ன ‘சென்சார் கம்பி’ இதுதான். ரெண்டு வேற வேற உலோகம் சேர்ற முனையைச் சூடாக்கினா மின்னழுத்தம் பிறக்கும். 1821-ல ஸீபெக் கவனிச்ச விளைவு, முதல் வருஷ பிசிக்ஸ்ல படிச்சிருப்பீங்க. பைலட் சுடர் சூட்டுல இருபது, முப்பது மில்லிவோல்ட்தான் வரும். அந்தத் துளி மின்சாரம் ஒரு காந்தத்தைப் பிடிச்சு வச்சு கேஸ் வால்வைத் திறந்தே வைக்கும். சுடர் போனா முனை ஆறும், காந்தம் விடும், வால்வு மூடும். பத்த வைக்கும்போது குமிழை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்றது, அந்த முனை சூடாகணும்னுதான்.

இது கெட்டிருந்தா எங்க வச்சாலும் அணையணும். அதனால ஹீட்டரை வெளிய எடுத்து, காத்து மறைவுல வச்சு எரிய விடச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. அணையல.

உள்ள அணையுது, வெளிய அணையல. அப்போ உள்ள என்ன இல்ல? காத்து.

இந்த மாதிரி ஹீட்டர்கள்ல பைலட் சுடரை ரொம்ப நுணுக்கமா அமைச்சிருப்பாங்க. காத்துல ஆக்சிஜன் சாதாரணமா 21 சதவீதம். அது 18 பக்கம் இறங்கினா, சுடர் தெர்மோகப்பிளை விட்டு விலகி மிதக்க ஆரம்பிக்கும். முனை ஆறும், வால்வு மூடும். தனியா எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது, சுடரே சென்சார்.

ஒரு சின்னக் கணக்கு போட்டேன். கூடாரம் ரெண்டு மீட்டர் நீளம், அகலம், உயரம்: 8 கன மீட்டர். ஆக்சிஜன் 21-லிருந்து 18-க்கு வரணும்னா 0.24 கன மீட்டர் செலவாகணும். ஒரு மோல் புரொப்பேனுக்கு அஞ்சு மோல் ஆக்சிஜன். அப்போ சுமார் 90 கிராம் புரொப்பேன் எரிஞ்சா போதும். 9,000 பி.டி.யூ. ஹீட்டர் முழு வேகத்துல மணிக்கு ஏறக்குறைய 190 கிராம் எரிக்கும். விடை: கிட்டத்தட்ட அரை மணி நேரம்!

கேட்டதுல தெரிஞ்சது, காத்து நுழையாம இருக்கக் கூடாரத்தோட அடி ஓரமெல்லாம் பனியை அள்ளிப் போட்டு அடைச்சிருக்காங்க. மேல் ஜன்னலும் மூடியிருந்தது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு திறப்பு விட்டதும் ஹீட்டர் சாயங்காலம் வரைக்கும் அணையவே இல்ல.

இப்போ அந்தக் கம்பியை வளைச்சு விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. ஹீட்டர் ‘சரியாகி’ இருக்கும். ஆக்சிஜன் இன்னும் இறங்கும், எரிதல் அரைகுறையாகும், கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. கேஸ் கசிஞ்சா நாறும், ஏன்னா அதுல வாடைக்குன்னே ஒரு பொருள் சேர்க்கிறாங்க. இதுக்கு அப்படி எதுவும் இல்ல. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல பலமா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கம்தான் ஆபத்து.

எங்க பக்கம் முத்துக் குளிக்கிறவங்களைப் பத்தி ஒண்ணு சொல்வாங்க. மூச்சடக்கி உள்ள போறவரோட கயிறு, மேல மச்சான் கையிலதான் இருக்கும். அக்கா, தங்கச்சி தாலி சம்பந்தப்பட்ட விஷயம், கண்ணயர மாட்டாராம். அந்தத் தெர்மோகப்பிள் கயிறு பிடிக்கிற மச்சான். அரை மணிக்கு ஒருக்க இழுக்கிறாரேன்னு எரிச்சல்பட்டுக் கயிறை அறுக்கலாமா?

‘நமக்கு எதுக்கு இது’ன்னு நகராதீங்க. வெளிய ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா? பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் இருக்கான்னு பாருங்க. சின்ன அறை, மூடின ஜன்னல், சூடான தண்ணி: அதே கூடாரம்தான். குளிக்கப் போய் மயங்கி விழுந்தவங்க நம்ம நாட்டுல எத்தனையோ பேர், டாக்டர்கள் ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’னு பேரே வச்சிருக்காங்க. கீசர் வெளிய இருக்கணும், குழாய் மட்டும் உள்ள வரணும். கொடைக்கானல் டூர்ல கரி அடுப்பை அறைக்குள்ள கொண்டு போறது, மழை நாள்ல ஜெனரேட்டரை வராண்டாவுக்குள்ள இழுக்கிறது, எல்லாம் ஒரே கணக்குதான். கரி அடுப்புல கயிறு பிடிக்க மச்சான்கூட இல்ல.

எரியுற எதுவும் இருக்கிற அறையில ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல தலை வலிச்சா, அது காய்ச்சல் இல்ல. முதல்ல எல்லாரும் வெளிய வாங்க, கதவு திறந்தே இருக்கட்டும், உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

அத்தான் இப்போ பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணும் வாங்கிட்டார். ஆக்சிஜன் குறையறதைத்தான் ஹீட்டர் பார்க்கும், விஷத்தை அது அளக்காது. அதுக்கு இன்னொரு மச்சான் வேணும்.