பந்தைத் தொடாமல் வென்றவர்

ரக்பி லீக் மைதானத்தில் ஜோர்டன் மைலாட்டா பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தால், அவரைச் சாய்க்க மூன்று பேராவது வேண்டியிருந்தது. இடுப்பில் ஒருவர், காலில் ஒருவர், முதுகில் ஒருவர் தொங்கிக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு முன்னேறிக்கொண்டிருப்பார். 6 அடி 8 அங்குல உயரம். 150 கிலோவுக்கு மேல் எடை. 2017ல் சிட்னியின் சவுத் சிட்னி ராபிட்டோஸ் கிளப்பில், 20 வயதுக்கு உட்பட்டோர் அணியில் அவர் ஆடிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கிளப்போ கணக்குப் போட்டது.

கணக்கில் பிழை சொல்ல முடியாது. ரக்பி லீக் 80 நிமிட ஆட்டம். தாக்கும்போது ஓடுகிறவரே, அடுத்த நிமிடம் தடுக்கவும் ஓட வேண்டும். இவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாக்குப்பிடிக்குமா? எடையைக் குறைக்கச் சொன்னார்கள். அடுத்த ஆண்டுக்கு அவர் முன் வைக்கப்பட்ட தொகை 5,000 ஆஸ்திரேலிய டாலர். அதுவும் முதல் அணியில் ஆட அல்ல. அதற்குக் கீழ்ப்படியில் உள்ள ஓர் அணியில் ஆடுவதற்கு.

மைலாட்டாவின் பெற்றோர் சமோவாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். 1997ல் சிட்னியின் பேங்க்ஸ்டவுன் பகுதியில் அவர் பிறந்தார். பசிபிக் தீவுகளிலிருந்து வந்து அந்த நகரின் மேற்குப் புறநகர்களில் குடியேறிய குடும்பங்களுக்கு ரக்பி லீக் பொழுதுபோக்கு மட்டுமல்ல, வீட்டின் நிலையை மாற்றக்கூடிய பிழைப்பும்கூட. பதின்ம வயதில் இதயத் துடிப்பில் கோளாறு கண்டு, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மீண்டும் மைதானத்துக்கு வந்தவர் மைலாட்டா. அப்படி வந்தவருக்குக் கிடைத்த விலைதான் அந்த 5,000 டாலர்.

அந்த நேரத்தில்தான் கடலுக்கு அப்பாலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அமைப்பான என்.எஃப்.எல்., வெளிநாட்டு விளையாட்டு வீரர்களைப் பழக்கி எடுக்க 2017ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அந்தத் திட்டத்தின் கீழ் மைலாட்டா 2018ன் தொடக்கத்தில் ஃபுளோரிடாவிலுள்ள பயிற்சிக்கூடத்துக்குப் போனார். சில மாதங்கள்தான் பயிற்சி. ஏப்ரல் மாதம் டெக்சாஸில் நடந்த வருடாந்தரத் தேர்வில், எடுக்கப்பட்ட 256 பேரில் 233வது ஆளாக ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. பிப்ரவரியில் சூப்பர் பௌல் கோப்பையை வென்றிருந்த அணி அது. மற்றவர்கள் ஏறக்குறைய அனைவரும் பள்ளியிலும் கல்லூரியிலும் இந்த ஆட்டத்தை ஆடி வந்தவர்கள். மைலாட்டா அதுவரை ஒரு பந்தயம்கூட ஆடியதில்லை.

ரக்பிக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் என்ன பெரிய வித்தியாசம், இரண்டிலும் நீள்வட்டப் பந்து, இரண்டிலும் மோதல் என்று தோன்றலாம். இரண்டுக்கும் மூதாதை ஒன்றுதான். 19ம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆடப்பட்ட ஆட்டம் அது. ஆனால் 1880களில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேம்ப் முன்னின்று விதிகளை மாற்றியபோது பாதை பிரிந்தது. பந்து ஓயாமல் கைமாறும் ஆட்டம், துண்டு துண்டாக நின்று தொடங்கும் ஆட்டமாயிற்று. இன்று நான்கு முயற்சிகளில் 10 கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. 1906ல் பந்தை முன்னோக்கி எறியவும் அனுமதி கிடைத்தது. ரக்பியில் கையால் பின்னோக்கி மட்டுமே எறிய முடியும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ரக்பியில், பந்தை வைத்திருக்காத ஒருவரை மறித்து நிறுத்துவது குற்றம். அமெரிக்கக் கால்பந்தில் அது ஓர் உத்தியோகம். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைச் சுற்றி அரண் போல நிற்க ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் இடது ஓரத்தில் நிற்பவர் லெஃப்ட் டேக்கிள். வலக்கைக்காரரான குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இடப்பக்கம் இருக்கும். அங்கிருந்து பாய்ந்து வருகிறவரை அவரால் பார்க்க முடியாது. அந்த முதுகுக்குப் பொறுப்பு லெஃப்ட் டேக்கிள்தான். சாதாரணமாக அவர் பந்தைத் தொடுவதே கிடையாது. முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க விதிகளும் அவரை விடுவதில்லை.

மைலாட்டாவுக்குத் தரப்பட்ட இடம் அதுதான். பந்தோடு பாய்வதே தன் பலம் என்று வளர்ந்தவரிடம், இனி உனக்குப் பந்தே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

உடம்பையும் தலைகீழாகப் பழக்க வேண்டியிருந்தது. ரக்பியில் கால்கள் முன்னே போகும். இங்கே முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, பின்னோக்கி அடி வைத்தபடியே, எதிரே பாய்ந்து வருகிற முரட்டு ஆளைத் தாங்க வேண்டும். கை எங்கே படவேண்டும், எந்தக் கால் முதலில் நகரவேண்டும் என்பதெல்லாம் அரை நொடிக்குள் முடிந்துவிடும். ஹெல்மெட்டும் தோள் கவசமும் அவருக்குப் புதிது. இதற்கு மேல் பாடப்புத்தகம் வேறு. ஒவ்வொரு அணியிடமும் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய பெரிய தொகுப்பு உண்டு. சங்கேதப் பெயர் ஒன்றைச் சொன்னதும் 11 பேரும் தத்தம் அடியை நினைவிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். ஒருவர் மறந்தால் குவார்ட்டர்பேக் மண்ணைக் கவ்வுவார்.

ஈகிள்ஸ் அணியில் முன்வரிசைக்குப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெஃப் ஸ்டௌட்லண்ட். மைலாட்டாவுக்கு எப்படி நிற்பது என்பதிலிருந்து பாடம் தொடங்கியது. 2018ல் ஒரு பந்தயமும் ஆடவில்லை. 2019லும் ஆடவில்லை. முதுகுக் காயம் வேறு. அந்த 2019ல்தான் அதே இடத்துக்கு ஆண்ட்ரே டில்லர்ட் என்ற கல்லூரி வீரரை முதல் சுற்றிலேயே அணி தேர்ந்தெடுத்தது. சொந்த ஊரை விட்டு, தெரிந்த ஆட்டத்தை விட்டு, இரண்டு வருடம் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞருக்கு அந்தச் செய்தி என்ன சொல்லியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2020ல் டில்லர்ட் காயமடைந்தார். அவருக்கு மாற்றாக நின்ற மூத்த வீரர் ஜேசன் பீட்டர்ஸும் காயமடைந்தார். அக்டோபர் 4ம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக மைலாட்டா முதல் முறையாகத் தொடக்க வரிசையில் இறங்கினார். மறு ஆண்டு, டில்லர்டோடு போட்டியிட்டு அந்த இடத்தைத் தனதாக்கிக்கொண்டார். 2021 செப்டம்பரில் நான்கு ஆண்டுகளுக்கு 6 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அன்றைய மதிப்பில் சுமார் 470 கோடி ரூபாய். 2024ல் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது.

தொலைக்காட்சி ஒளிபரப்பில் வீரர்கள் தம் பெயரையும் படித்த கல்லூரியையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது வழக்கம். கல்லூரி ஆட்டமே ஆடாத மைலாட்டா சொல்வது: ஜெஃப் ஸ்டௌட்லண்ட் பல்கலைக்கழகம். சிரிப்புக்காகச் சொன்னதுதான், ஆனாலும் குருதட்சணையாகவும் அமைந்துவிட்டது.

2023 பிப்ரவரியில் ஈகிள்ஸ் சூப்பர் பௌல் இறுதிப் பந்தயத்தில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியிடம் 35-38 என்று தோற்றது. 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் அதே அணியை 40-22 என்று வென்றது. அந்தப் பருவத்தில் ஈகிள்ஸின் சாக்வான் பார்க்லி பந்தோடு ஓடிக் கடந்த தூரம் 2,005 கஜம். பத்திரிகைகள் அவருடைய படத்தைப் போட்டன, நியாயம்தான். ஆனால் அவர் ஓடிய சந்தைத் திறந்துவிட்டவர்களில் ஒருவர் மைலாட்டா. ஸ்கோர் பலகையில் அவர் பெயர் வராது. தவறிழைத்தால் மட்டும் நடுவரின் ஒலிபெருக்கியில் அவருடைய 68ம் எண் கேட்கும்.

இதே கதவைத் தட்டிய மற்ற ரக்பிக்காரர்களின் கதை இப்படி முடியவில்லை. இங்கிலாந்தின் கிறிஸ்டியன் வேட், அந்நாட்டின் பிரீமியர்ஷிப் போட்டிகளில் 82 டிரைகள் குவித்தவர். 2018ல் ரக்பியை விட்டார். மறு ஆண்டு பஃபலோ பில்ஸ் அணியில் சேர்ந்து, ஆகஸ்டில் ஒரு முன்னோட்டப் பந்தயத்தில் முதன்முதலாகப் பந்தை வாங்கியதுமே 65 கஜம் ஓடி டச்டவுன் எடுத்தார். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அதன் பிறகு மூன்று பருவங்கள் அந்த அணியின் பயிற்சிக் குழுவில் காத்திருந்தார். முறையான லீக் பந்தயம் ஒன்றில்கூட இறங்கவில்லை. 2022ல் பாரிஸின் ரேசிங் 92 கிளப்பில் சேர்ந்து ரக்பிக்குத் திரும்பினார்.

வேல்ஸ் நாட்டின் லூயிஸ் ரீஸ்-சாமிட் விட்டுப் போனது இன்னும் அதிகம். 2024 ஜனவரியில், ஆறு நாடுகள் போட்டிக்கான வேல்ஸ் அணி அறிவிக்கப்பட இருந்த அதே நாளில், தான் அமெரிக்கா போவதாக அறிவித்தார். அப்போது வயது 22. நாட்டுக்காக 32 பந்தயங்கள் ஆடியிருந்தார். கேன்சஸ் சிட்டி அணி அவரைச் சேர்த்துக்கொண்டு, பருவம் தொடங்குமுன் விடுவித்தது. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் தன் பயிற்சிக் குழுவில் வைத்துக்கொண்டது. லீக் பந்தயம் ஒன்றும் ஆடாமலே 2025ல் திரும்பி வந்து பிரிஸ்டல் கிளப்பில் சேர்ந்தார். அந்த நவம்பரிலேயே வேல்ஸின் சட்டையை மீண்டும் அணிந்தார்.

இவர்கள் இருவரும் மைலாட்டாவைவிடச் சாதித்தவர்கள். பிறகு எங்கே பிசகியது? திறமையிலோ உழைப்பிலோ குறை காண்பது அநியாயம். அவர்களுடைய சொத்து வேகம். வேகமாக ஓடுகிறவர்களுக்கு அமெரிக்காவில் பஞ்சமில்லை. அந்த வேகத்தோடு, பந்து எங்கே வரும், எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்பதைச் சிறுவயதிலிருந்தே பழகிய ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் மைலாட்டாவைப் போன்ற உடம்பு, அதுவும் அப்படி நகரக்கூடிய உடம்பு, எந்த நாட்டிலும் அபூர்வம். ஓர் ஆட்டத்தில் பாரமாகத் தெரிந்தது, இன்னோர் ஆட்டத்தில் தேடினாலும் கிடைக்காத பொருளாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. வேடும் ரீஸ்-சாமிட்டும் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை, பந்தோடு ஓடுவதை, புதிய இடத்தில் செய்து காட்டப் போனார்கள். மைலாட்டா தனக்குத் தெரிந்த எதையும் பயன்படுத்த முடியாத இடத்தில் நிறுத்தப்பட்டார். அதனால் அ, ஆவிலிருந்து கற்றார். ஓர் ஆட்டமும் ஆடாத மாணவருக்கு இரண்டு வருடம் சம்பளம் கொடுத்துக் காத்திருக்க ஓர் அணியும் இருந்தது. இந்தப் பொறுமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

திரும்பி வந்ததை வைத்து மற்ற இருவரையும் தோற்றவர்கள் என்று சொல்லிவிடவும் கூடாது. தாய் வீடு போல ரக்பி அவர்களுக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தது. முடியவில்லை என்றால் போய்ச் சேர ஓர் இடம், அங்கே ஒரு பெயர், ஒரு சட்டை இருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஓரமாக உட்கார்ந்திருந்த அந்த இரண்டு வருடங்களில் மைலாட்டா திரும்பிப் பார்த்திருந்தால், அவருக்காகக் காத்திருந்தது 5,000 டாலரும், எடையைக் குறை என்ற புத்திமதியும்தான்.